பழைய லொறியும் புதிய காபரேற்றரும்

விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் கல்லூரியின் பழம்பெருமையையோ, சமயத்தின் மேன்மையையோ, தமிழின் தொன்மையையோ எடுத்துரைத்தல் வழக்கம். அவை எக்காலத்தும் உரைக்கத் தக்கனவே. நாமோ இம்மலரிலே எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்கின்றோம். பழைய லொறி எஞ்சினுக்குக் காற்றையும் எரிபொருளையும் கலந்து ஊட்டுகின்ற காபரேற்றரும், அக்கலவையைச் சிலிண்டர்தோறும் பங்கிட்டுக் கொடுக்கின்ற மனிபோல்ட் என்னும் கிளைக்குழாயுமே அப்பொருள். இவற்றைத் திருத்துவதும் மாற்றுவதும் கராஜ்காரர் வேலையன்றோ, கல்லூரி மலருக்கு இதனால் ஆவதென்ன என்று நண்பர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். கராஜில் உள்ள கல்வியைக் கல்லூரி தன் கல்வியென ஏற்றுக்கொள்ளாத வரையில் எமது தீவுகளின் வாழ்வு செம்மையுறாது என்பது எமது துணிபு.

தீவுகளும் வண்டிகளும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, அப்பால் ஊர்காவற்றுறை. வேலணையிலிருந்து மற்றொரு பாலவழியே சென்றாற் புங்குடுதீவு. அதன் கடற்கரையிலே குறிகாட்டுவான் இறங்குதுறை. அங்கே தெரு முடிந்துவிடுகிறது. நயினாதீவுக்குச் செல்வோரும் நெடுந்தீவுக்குச் செல்வோரும் படகேற வேண்டும். அம்மன் கோயிலின் கோபுரம் கண்ணெதிரே தோன்றும் நயினாதீவைச் சிறிது பொழுதில் அடைந்துவிடலாம். ஐம்பது சதுர கிலோமீற்றரளவு பரப்புடைய நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் ஓட வேண்டும்.

இத்தகைய இடங்களிலே ஒரு லொறி பழுதுபடுதல் பட்டினத்திலே லொறி பழுதுபடுதலைப் போன்றதன்று. பட்டினத்தில் ஒன்று நின்றால் இன்னொன்று வரும். கடல் சூழ்ந்த ஊரிலே ஒரு கஸ்கெற்றும் ஒரு திருகாணியுங்கூடப் படகேறியே வரவேண்டும். காற்றும் கடலும் கொந்தளிக்கும் நாளில் அதுவும் இல்லை. கோடையில் நல்ல தண்ணீருக்கு அலையும் ஊர்கள் எமது தீவுகளிற் பல. குடிநீர் ஏற்றும் வண்டி ஒரு நாள் நின்றால் எத்தனை வீடுகளிலே குடம் வெறுங்குடமாகும் என்பதைத் தீவார் நன்கறிவர். ஆதலின் ஓர் எஞ்சினை ஓடச் செய்யும் அறிவு இங்கே வயிற்றோடும் நாவறட்சியோடும் தொடர்புடைய அறிவாகும்.

முன்னாளில் யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடிய லொறிகள் பெரும்பாலும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்டவை. பெட்போட், ஒஸ்ரின், மொறிஸ், செவ்ரொலெட், போர்ட் முதலிய பெயர்களை எமது தந்தையர் உறவினர் பெயர்போல உச்சரித்தனர். அவற்றின் அடிச்சட்டத்தின்மேல் உள்ளூர்த் தச்சர் மரத்தினால் உடல் கட்டினர். பின்புறத் தட்டியை இறக்கிவிட்டு அதன்மேல் வாழைக்குலையும் மரக்கறி மூட்டையும் அடுக்கி, ஆட்களையும் ஏற்றிச் சென்ற தட்டிவானைப் பழைய மாணவர் எவரும் மறந்திரார். கொடிகாமம் பருத்தித்துறை வழியிலே அது அண்மைக் காலம் வரையில் ஓடியது. தொழிற்சாலை கடலுக்கு அப்பால். பழுது பார்க்கும் கை எமது ஊரில். இந்த இடைவெளியிலேதான் எமது கைவினைஞரின் அறிவு வளர்ந்தது.

எஞ்சினின் மூச்சு

எஞ்சினின் தொழிலை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டரினுள் அமுக்கம் குறைகிறது. வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. பாயும் வழியிலே காபரேற்றரின் தொண்டை ஒடுங்கியிருக்கிறது. ஒடுங்கிய இடத்தில் காற்று விரைந்து செல்லும். விரைந்து செல்லுமிடத்தில் அமுக்கம் குறையும். இவ்வுண்மையை டானியல் பேர்ணூலி என்பார் 1738ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே விளக்கினார். ஒடுங்கிய குழாயில் இதனை ஆராய்ந்து 1797ஆம் ஆண்டில் வெளியிட்டவர் வெஞ்சூரி என்னும் இத்தாலியர். அமுக்கம் குறைந்த அவ்விடத்திலே ஒரு நுண்ணிய துளையின் வழியாகப் பெற்றோல் சீறிக் காற்றோடு கலக்கிறது. ஓர் இறாத்தல் பெற்றோல் செவ்வனே எரிய ஏறத்தாழ 15 இறாத்தல் காற்று வேண்டும். இவ்வளவைக் காத்தலே காபரேற்றரின் கடமை.

மனிபோல்ட்டின் கடமை அக்கலவையை எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒப்பப் பங்கிடுதல். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. பழைய செவ்ரொலெட் ஆறு சிலிண்டர் எஞ்சினிலே கலவை உட்புகும் வாய்கள் மூன்றே. ஒரு வாயை இரு சிலிண்டர்கள் பகிர்ந்துகொள்ளும். காபரேற்றரோ நடுவில் ஒன்று. நடுவிலுள்ள சிலிண்டர்களுக்கு வழி குறுகியது. இரு தலைப்பிலும் உள்ளவற்றுக்கு வழி நெடியது. நெடிய வழியிலே எரிபொருளில் ஒரு பகுதி துளியாகிக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் நடுச் சிலிண்டர்கள் மிகையுண்டு கரும்புகை கக்க, ஓரச் சிலிண்டர்கள் குறையுண்டு சூடேறுதல் நிகழும். அனுபவமுள்ள கைவினைஞர் ஆறு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்து அவற்றின் நிறத்தைப் பார்ப்பர். கருமை படிந்தது மிகையுண்டது, வெளிறியது குறையுண்டது, மண்ணிறமாய் இருப்பதே அளவாய் உண்டது. வைத்தியர் நாப் பார்த்து நோயறிவது போன்றது இது.

பெரிதே சிறந்ததா?

இனி, பழைய லொறியின் வலுவைக் கூட்ட விரும்புவோர் முதலிற் சொல்வது, பெரிய காபரேற்றரைப் பூட்டு என்பதாகும். அமெரிக்காவிலே பழைய செவ்ரொலெட் எஞ்சின்களுக்கென இரண்டு காபரேற்றர் பூட்டத்தக்க மனிபோல்ட்டுகளை ஒபன்ஹவுசர் முதலிய தொழிலகங்கள் வார்த்து விற்றன. பந்தய வண்டி ஓட்டுவோருக்கு அவை பயன்பட்டன. அவற்றின் படங்களை இன்று கண்டு மயங்கும் எமது வாலிபர் சிலர், தமது வண்டிக்கும் அவ்வாறே செய்யலாம் என எண்ணுகின்றனர். அவர்களுக்கு நாம் ஒரு சிறு கணக்கைக் காட்ட விரும்புகிறோம்.

பெட்போட் லொறிகளிலும் பஸ்களிலும் 1939ஆம் ஆண்டுக்குப் பின் பெருவழக்கிலிருந்த ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சினின் கொள்ளளவு 3,519 கன சென்றிமீற்றர். அஃதாவது ஏறத்தாழ மூன்றரை லீற்றர். அது நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஏறத்தாழ 72 குதிரைவலுவைத் தந்தது. நான்கடிப்பு எஞ்சின் இரு சுற்றுக்கு ஒருமுறையே காற்றை உள்வாங்கும். ஆகவே 3,000 சுற்றிலே அது 1,500 முறை மூச்செடுக்கும். மூன்றரை லீற்றரை 1,500 ஆற் பெருக்கினால் நிமிடத்துக்கு 5,250 லீற்றர் வருகிறது. ஆயினும் எந்தப் பழைய எஞ்சினும் தன் கொள்ளளவு முழுவதும் நிரம்ப மூச்செடுப்பதில்லை. முக்காற் பங்கு என்று கொண்டால் நிமிடத்துக்கு 4,000 லீற்றரளவு காற்றே அதற்குத் தேவை. இவ்வெஞ்சினுக்கு 10,000 லீற்றர் காற்றை விடத்தக்க வாயகன்ற காபரேற்றரைப் பூட்டுவதால் வரும் நன்மை யாது? நன்மை இல்லை, தீமை உண்டு. தொண்டை அகன்றால் காற்றின் வேகம் தளரும். வேகம் பாதியானால் எரிபொருளை இழுக்கும் விசை நாலிலொன்றாகும். பெற்றோல் நுண்துகளாகாது துளித்துளியாக விழும். வண்டி புறப்படும்போது திணறும், பாரத்துடன் மெல்ல ஏறும்போது தடுமாறும், எரிபொருள் வீணாகும்.

தீவுத் தெருவிலே லொறிக்கு வேண்டியது விரைவன்று. நெடுந்தீவின் கற்கள் நிறைந்த ஒழுங்கையிலே மணிக்கு நாற்பது மைல் ஓடுவதற்கு யாரும் பந்தயம் கட்டப்போவதில்லை. குறைந்த சுற்றிலே பாரத்தை இழுக்கும் உறுதியே அங்கு வேண்டப்படுவது. அவ்வுறுதியைத் தருவது அளவான தொண்டையும் ஒடுக்கமான குழாயுமே.

அங்ஙனமாயின் காபரேற்றரையும் மனிபோல்ட்டையும் மாற்றவே கூடாதா என வினவலாம். மாற்றலாம், முறையறிந்து மாற்றவேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றிலே காபரேற்றர் மனிபோல்ட்டின் கீழே தொங்கும். எரிபொருளைக் காற்று மேல்நோக்கித் தூக்கிச் செல்லவேண்டியிருத்தலின், வேகம் குன்றாதபடி தொண்டையை மிக ஒடுக்கியே செய்திருந்தனர். இதுவே அவ்வெஞ்சின்களின் வலுவைக் கட்டிப்போட்ட கயிறு. காபரேற்றரை மேலே வைத்துக் கலவை கீழ்நோக்கி இறங்கும் முறை 1930களிலே பரவியபின், தொண்டையைச் சற்று அகலமாக்குதல் இயல்வதாயிற்று. இத்தகைய பழைய எஞ்சினுக்கு மேலிருந்து ஊட்டும் காபரேற்றரையும் அதற்கேற்ற மனிபோல்ட்டையும் பொருத்துதல் உண்மையான முன்னேற்றமாகும். தேய்ந்துபோன அச்சுக் காபரேற்றரை நீக்கி, எளிதில் உதிரிப்பாகம் கிடைக்கும் மற்றொன்றை இடைத்தகடு வைத்துப் பூட்டுதலும் தக்கதே. எஸ்.யூ., சொலெக்ஸ், செனித் என்னும் மூவகையும் எமது கராஜ்களிலே பழகியவை.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னே செய்யவேண்டியன உள. வால்வுகள் செவ்வையாக மூடுகின்றனவா? சிலிண்டர்களின் அமுக்கம் ஒத்திருக்கிறதா? பற்றவைக்கும் நேரம் சரியா? மனிபோல்ட் எஞ்சினோடு பொருந்துமிடத்திலே காற்று களவாய் நுழைகிறதா? எஞ்சின் மெல்ல ஓடும்போது அவ்விணைப்பின்மேற் சிறிது எண்ணெயை விட்டுப் பார்த்தால், ஒழுக்கு இருப்பின் எஞ்சினின் ஓசை மாறும். சூட்டினால் வளைந்த மனிபோல்ட்டின் முகத்தைச் சமமாக உராய்ந்து புதிய கஸ்கெற் வைத்தாலே பல வண்டிகள் தம் இளமையை மீளப் பெறும். ஐந்து ரூபாயில் தீரும் நோய்க்கு ஐயாயிரம் ரூபாய் மருந்து வாங்குதல் அறிவுடைமையன்று. உப்புக்காற்று வீசும் தீவுகளிலே நாக வார்ப்பாலான காபரேற்றரின் துவாரங்களில் வெண்பூஞ்சை போல அரிப்புப் படிவதும் உண்டு. கழுவித் துடைத்து ஊதிவிடுதலே முதல் வைத்தியம். பழைய வால்வு இருக்கைகளைப் பற்றியும் ஒரு சொல். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. காற்றுக்கும் நீருக்கும் குழந்தைகளின் மூளைக்கும் அது நன்மையே. ஆயினும் ஈயத்தை நம்பிச் செய்யப்பட்ட மென்மையான இருக்கைகள் பாரம் இழுக்கும்போது விரைந்து தேயும். அவற்றை வன்மையான வளையமிட்டு மாற்றுதல் காபரேற்றரை மாற்றுவதினும் அவசரமான கடமை.

மண்ணெண்ணெய்க் காலம்

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சவர்க்காரம், உரம் என்று எத்தனையோ பொருள்கள் குடாநாட்டுக்கு வருதல் தடைப்பட்டது. தீவுப்பகுதி மக்களிற் பெருந்தொகையினர் அக்காலத்திலே வீடுவாசலைத் துறந்து குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். ஜாம் போத்தலிலே சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கில் எமது மாணவர் படித்துப் பரீட்சை எழுதினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். கட்டுப்பாட்டுடன் கிடைத்த மண்ணெண்ணெயிலேயே கார்களும் லொறிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின.

பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுதல் எங்ஙனம்? பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேலேதான் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். ஆகவே குளிர்ந்த எஞ்சின் அதனால் புறப்படாது. சிறு போத்தலிலே பொன்போல் சேமித்து வைத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்கு ஊட்டி எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புதிய வண்டிகள் இதற்கு இசையவில்லை; அமுக்கம் மிகுந்த அவற்றிலே மண்ணெண்ணெய் நேரந்தப்பி வெடித்துத் தட்டும் ஒலியை எழுப்பும். ஒஸ்ரின் ஏ-40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், ஒக்ஸ்போர்ட் முதலிய பழைய வண்டிகளே அமுக்கம் குறைந்தவையாதலின் பணிந்து உழைத்தன. இளமையிலே கிழவண்டி என்று எள்ளப்பட்டவை பஞ்ச காலத்திலே குடும்பத்தைத் தாங்கின.

இங்கேதான் மனிபோல்ட்டின் பெருமை விளங்கும். பெற்றோலுக்கு மனிபோல்ட் குளிர்ந்திருத்தல் நன்று. குளிர்ந்த காற்றுச் செறிவுடையதாகலின் வலு கூடும். மண்ணெண்ணெய்க்கோ அது சூடாயிருத்தல் வேண்டும். இன்றேல் எண்ணெய் ஆவியாகாது சுவரில் வழியும். வழிந்த எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெயில் பெயறிங்குகள் உருகும். ஆதலின் அக்காலத்திலே எஞ்சின் எண்ணெயை அடிக்கடி மாற்றுதல், பிளக்கிற் படிந்த கரியைத் துடைத்தல், வண்டியை நிறுத்துமுன் காபரேற்றர்க் கிண்ணத்தில் எஞ்சிய மண்ணெண்ணெயை எரித்துத் தீர்த்தல் ஆகியன ஒழுக்கமாயின. ஒரே குழாய் ஒரு காலத்தில் குளிர்ந்தும் ஒரு காலத்தில் சூடாகியும் இருக்கவேண்டிய காரணத்தை அறிந்தவனே இவற்றைச் செய்ய இயலும். காரணம் அறியாது செய்தவருடைய எஞ்சின்கள் விரைவில் பாழாயின.

இவ்வறிவு 1990ஆம் ஆண்டிலே வானத்திலிருந்து இறங்கியதா? இல்லை என்றே நாம் கருதுகிறோம். துலா மிதித்து நீரிறைத்த எமது கமக்காரர் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மாறிய நாள்தொட்டு, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் புகையிலைத் தோட்டந்தோறும் வெங்காயத் தோட்டந்தோறும் முழங்கியது. உழவு இயந்திரத்திலும் இதே முறை இருந்தது. இங்கிலாந்திலே 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கு மேற் செய்யப்பட்ட பேர்கூசன் ரி.ஈ.20 வகை உழவு இயந்திரத்தில், மண்ணெண்ணெயினத்து எண்ணெயில் ஓடுவது ஒன்று 1949ஆம் ஆண்டில் வெளிவந்தது. அத்தகைய இயந்திரங்களிலே அமுக்கம் குறைக்கப்பட்டிருக்கும்; உள்வாங்கும் மனிபோல்ட்டைப் புகைக்குழாயின் வெப்பம் சூடாக்கும்படி அமைத்திருப்பர். கிணற்றடியிலும் வயலிலும் பயின்ற பாடத்தையே எமது கைவினைஞர் இடுக்கண் வந்தபோது தெருவுக்குக் கொண்டுவந்தனர். கல்வி என்பது இதுவன்றோ? ஓரிடத்திற் கற்றதை வேறோரிடத்திற் பொருத்துதலே பரீட்சைக்கு அப்பாற்பட்ட பரீட்சை.

நாம் பஞ்சத்தைப் புகழ்கின்றோம் என எவரும் கொள்ளற்க. அக்காலத்தின் துன்பம் பெரிது. மண்ணெண்ணெய்ப் புகை நெஞ்சுக்குக் கேடு, எஞ்சினுக்கும் கேடு. மருந்தின்றி வருந்தினோரும், உரிய பொழுதில் ஊர்தியின்றி உயிர் துறந்தோரும் உளர். துன்பத்தைப் பொறுத்த திறமையை மெச்சுதல் வேறு. துன்பத்தை மெச்சுதல் வேறு. நாம் கேட்பதெல்லாம், அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற அறிவை எழுதாமல் விட்டுவிடுதல் தகுமா என்பதே.

காலம் கடந்த பொருளா?

காபரேற்றரின் காலம் முடிந்துவிட்டது, டீசல் வண்டிக்கு அது இல்லை, புதிய பெற்றோல் வண்டியிலே கணினி எரிபொருளை அளந்து ஊட்டுகிறது, பழையதைக் கற்பதால் மாணவன் பிற்போக்கடைவானன்றோ என்று கூறுவோர் உளர். அவர் கூற்றிலே உண்மை உண்டு. பெற்றோல் லொறிகளிலே பெர்கின்ஸ் முதலிய டீசல் எஞ்சின்களை மாற்றிப் பூட்டும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே உலகில் பரவிவிட்டது. நாள்தோறும் பாரம் ஏற்றும் வண்டிக்கு டீசலே சிக்கனமானது. அதனை மறுத்துப் பழைய பெற்றோல் எஞ்சினையே கட்டியழுமாறு நாம் எவருக்கும் புத்தி கூறவில்லை.

ஆயினும் அண்மைக் காலத்தை நோக்குக. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டிலேயே அத்தடை நீங்கியது. அவ்விடைக்காலத்திலே நாடு முழுவதும் இருந்ததைத் திருத்தி ஓட்டியது. 2022ஆம் ஆண்டிலே எரிபொருளுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். யூலை மாதத்தில் எரிபொருள் அட்டை முறை வந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தது. அதனால் முதலில் அடிபட்டவர் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய படகில் தொழில் செய்யும் மீனவர். அப்படகின் எஞ்சினிலும் காபரேற்றர் உண்டு. அதனைச் செவ்வையாகச் சீர்செய்தால் ஒரு நாளைக்குச் சில லீற்றர் மிஞ்சும். அவ்விலையில் சில லீற்றர் என்பது ஒரு குடும்பத்தின் ஒரு வேளை உணவு. ஆகவே ஊர்காவற்றுறைக் கடற்கரையிலும் நெடுந்தீவுக் கடற்கரையிலும் காபரேற்றரின் காலம் இன்னும் முடிந்துவிடவில்லை.

மேலும், கணினி ஊட்டும் எஞ்சினுக்கும் வேண்டியது அதே பதினைந்துக்கு ஒன்று என்னும் அளவே. அளப்பவன் மாறினான், அளவு மாறவில்லை. காபரேற்றரைக் கழற்றிப் பூட்டி, ஏன் என்று வினவி அறிந்த மாணவனுக்குப் புதியது அச்சந் தராது. பழையதையும் அறியாது புதியதையும் அறியாது, பெட்டியை மாற்று என்று மாத்திரம் கூறப் பழகியவனே உண்மையிற் பிற்போக்கடைந்தவன்.

கல்லூரி செய்யத் தக்கது

உத்தியோகம் புருஷ லட்சணம் என்னும் பழமொழி எமது சமூகத்தைப் பல தலைமுறையாக ஆண்டது. வெள்ளைச் சட்டையில் மை படிந்தாற் பெருமை. எண்ணெய் படிந்தாற் சிறுமை என எண்ணினோம். கந்தோரில் எழுதுவோனை ஐயா என்றோம். அவனுடைய காரை ஓடவைத்தவனைப் பெயர் சொல்லி அழைத்தோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதையும் நாமே சொன்னோம், ஏட்டையே பூசித்தோம். வண்டிகளைக் காத்த அக்கைகளை 1990களிலே கண்ட பின்னும் இந்நோக்கு முற்றாக மாறவில்லை என்பதே எமது வருத்தம். அத்தலைமுறைக் கைவினைஞர் இன்று முதுமையடைந்துவிட்டனர். அவர்தம் மக்களிற் பலர் கடல் கடந்துவிட்டனர். அவர்களுடைய அறிவு எந்நூலிலும் இல்லை. விரல்நுனியிலும் செவியிலும் உள்ளது. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும்.

ஆதலின் கல்லூரிக்கும் பழைய மாணவருக்கும் நாம் நான்கு விண்ணப்பங்களைச் செய்கின்றோம்.

முதலாவது, உயர்தர வகுப்பிலே தொழில்நுட்பப் பிரிவு 2013ஆம் ஆண்டில் நாடெங்கும் தொடங்கப்பட்டது. அப்பிரிவு மாணவர் குறிப்பேட்டை மனனஞ்செய்து கரையேறுதல் போதாது. ஆண்டுக்கு ஒருவர் வீதம் முதிய கைவினைஞரை அணுகி, அவர் கையாண்ட முறைகளைக் கேட்டு, படம் வரைந்து, அளவு குறித்து எழுதி நூலகத்தில் வைத்தல் வேண்டும். அவ்வேடுகள் பத்து ஆண்டிலே எந்நாட்டுப் பல்கலைக்கழகமும் வந்து பார்க்கத்தக்க களஞ்சியமாகும். கிளிநொச்சியிலே இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துக்கு எமது மாணவர் வெறுங்கையோடு செல்லாது இத்தகைய ஏட்டோடு செல்வாராயின் அது கல்லூரிக்கு அணியாகும்.

இரண்டாவது, பௌதிக ஆய்வுகூடத்தின் அருகே பழைய லொறி எஞ்சின் ஒன்றைத் தாங்கியில் ஏற்றி வைத்தல் வேண்டும். அதன் காபரேற்றரையும் மனிபோல்ட்டையும் அறுத்து உட்புறம் தெரியக் காட்டலாம். பேர்ணூலியின் தேற்றத்தைக் கரும்பலகையில் மாத்திரம் கண்ட மாணவன் அதனைக் கையாலே தொட்டறிவான். நாம் மேலே செய்த கணக்கை அவன் தானே செய்து, எஞ்சினை ஓட்டிச் சரிபார்ப்பான்.

மூன்றாவது, என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமை முறையிலே, பாடசாலைப் படிப்பு இல்லாதவரும் தம் அனுபவத்தைக் காட்டிச் சான்றிதழ் பெறுதற்கு வழி உண்டு. தீவுகளிலுள்ள கைவினைஞர் பலருக்கு அவ்வழி தெரியாது. விண்ணப்பம் எழுதவும் நேரமில்லை. எமது பழைய மாணவர் சங்கம் அவர்களுக்கு எழுத்துதவி செய்து, அச்சான்றிதழைப் பெற்றுக்கொடுக்கலாம். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை; நல்ல மனமும் சில மாலைப்பொழுதுகளும் போதும்.

நான்காவது, வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவருக்கு. கட்டடம் கட்டப் பணம் அனுப்பும் உங்கள் அன்பை நாம் போற்றுகின்றோம். சுவரிலே பெயர் பொறிக்கும் கல் ஒன்றுக்குப் பதிலாக ஓர் அமுக்கமானி, ஒரு வெற்றிடமானி, நல்ல திருகாணிச் சாவித் தொகுதி, எஞ்சின் கைந்நூல்கள் ஆகியவற்றை அனுப்புவீராக. அவை ஆண்டுதோறும் நூறு கைகளிற் பழகும். கல்லிற் பொறித்த பெயரினும் அது நெடிது நிற்கும்.

இவற்றோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்லுவோம். பரிசளிப்பு விழாவிலே மேடைக்கு அழைக்கப்படுவோர் நிரையில் ஓர் ஆண்டேனும் முதிய மோட்டார்க் கைவினைஞர் ஒருவருக்கு மாலை சூட்டுதல் வேண்டும். மாணவருக்கு அதனினும் பெரிய பாடம் வேறில்லை.

முடிவாக, எஞ்சினைப் பற்றி நாம் அறிந்ததைக் கல்லூரியைப் பற்றியும் சொல்லலாம். பழைய எஞ்சினுக்கு ஒவ்வாத பெரிய காபரேற்றரைப் பூட்டி வலு வந்துவிட்டதென மகிழ்வோரைப் போலவே, புதிய பெயரும் புதிய கட்டடமும் வந்தமையாற் கல்வி வளர்ந்துவிட்டதென மகிழ்வோரும் உளர். உள்ளே வரும் காற்று எல்லாச் சிலிண்டருக்கும் ஒப்பச் செல்கிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. நடுவில் அமர்ந்த சிலர் மிகையுண்ண, நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் ஓரத்தில் இருக்கும் பிள்ளைகள் குறையுண்டு சூடேறுவாராயின் அவ்வெஞ்சின் நெடுந்தூரம் ஓடாது. பங்கீட்டைச் சீர்செய்வோம், இணைப்புகளை இறுக்குவோம், அதன்பின் வேகத்தைப் பற்றிப் பேசுவோம். எமது கல்லூரி அன்னை இன்னும் பல விழாக்கள் கண்டு பொலிக.